மடித்தே வைத்த பேட்டரி

"...அப்போ இது நல்ல பேட்டரிதானேண்ணா? தேய்மானம் நாலு பர்சென்ட்னுதானே காட்டுது? பின்ன ஏன் கரென்ட் போனதும் அஞ்சு நிமிஷத்துல சாவுது?"

கேட்ட பெண் பக்கத்து அடி அண்ணாமலை ஊர்க்காரர். அமெரிக்க டாக்டர்கள் பேசிப் பதிந்த நோயாளி விவரங்களை ஹெட்போனில் கேட்டு, வீட்டிலிருந்தே டைப் அடித்துக் கொடுப்பார். வீட்டுக்காரர் லாரியிலிருந்து விழுந்து, இடுப்பொடிந்து படுக்கையில். அந்தப் பழைய லேப்டாப்தான் வீட்டில் உலை கொதிக்க வைத்தது. மின்வெட்டு ஊரையே ஆட்டி வைத்த காலம் அது. ஃபைல் பாதியிலேயே போய்ப் போய், இன்னொரு தடவை லேட்டானால் வேலை இல்லை என்று கம்பெனியில் சொல்லியாயிற்று. அன்றைய ஃபைல் சாயங்காலத்துக்குள் போயாக வேண்டும். பாதிதான் முடிந்திருந்தது.

எனக்குச் செங்கம் ரோட்டில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. படித்து வந்த தொழில் இல்லை, பிரித்துப் பார்த்தே வந்தது. பேட்டரி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று சொல்லும் சின்ன சாஃப்ட்வேரைப் போட்டுக் காட்டியிருந்தேன்.

"அது பேட்டரியைப் பார்த்து சொல்லலம்மா. உள்ள ஒரு சிப் இருக்கு, அது சொல்றத அப்படியே ஒப்பிக்குது. முழுசா ஏறி முழுசா இறங்கினாத்தான் அந்த சிப்புக்கே நெஜம் தெரியும். என்னைக்காவது ஒயரை உருவிட்டு ஓட்டியிருக்கீங்களா?"

"ஐயோ, தேஞ்சிடும்னு உருவவே மாட்டேண்ணா. எப்பவும் சார்ஜ்லயேதான் கெடக்கும். கல்யாணப் பட்டு மாதிரி பத்திரமா வெச்சிருந்தேன்."

"பட்டையே பிரிச்சு மாத்தி மடிக்கலன்னா மடிப்புல விட்டுப் போகுமேம்மா."

அவர் முகம் சுண்டிப்போயிற்று. "அப்போ உருவுங்க. கரென்ட் இருக்கறப்பவே, உசுரு ஜாஸ்தியோ கம்மியோ தெரிஞ்சிடட்டும்."

உருவினேன். தொண்ணூற்றெட்டு, தொண்ணூறு, எண்பத்து மூன்று. அங்கிருந்து ஒரே குதியில் ஆறு. திரை இருண்டது. மறுபடி ஒயரைச் சொருகி, எழுப்பிப் பார்த்தால் தேய்மானம் எண்பத்தாறு.

"இதுக்கு ஜோசியக்காரன் தேவலண்ணா," என்றார். சிரிக்கப் பார்த்தார், வரவில்லை.

அந்த நேரம் பார்த்துத் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் வெடித்தது. அன்றைக்குப் பௌர்ணமி. கிரிவலத்துக்கு முளைத்த கடைக்காரர்கள் ஆளாளுக்குக் கம்பியில் கொக்கி போட்டுத் திருட்டுக் கரென்ட் இழுத்திருந்தார்கள். லேப்டாப்பும் அணைந்தது; உள்ளே ஒரு சொட்டு சார்ஜ் இல்லை. என் கடை யூபிஎஸ், கம்ப்யூட்டரை ஒழுங்காக அணைக்கிற நேரம்தான் தாங்கும். புது பேட்டரிக்குச் சென்னை போகணும். பஸ்ஸெல்லாம் ஊருக்கு வெளியிலேயே நின்றுவிட்டன. லைன்மேனுக்குப் போன் போட்டேன். "இந்தக் கூட்டத்துல நான் பறந்தா சார் வரணும்?" என்றார்.

அந்தப் பெண் ஸ்டூலில் சரிந்து உட்கார்ந்தார். "ஊரே மலைய சுத்துது. எனக்குத் தலை சுத்துது. வேலை போச்சுன்னா அந்த மனுசன் மூஞ்சில எப்படிண்ணா முழிப்பேன்?"

வாய்க்குப் பேர்போன நான், லைன்மேன் நம்பரையே மறுபடி அழுத்தினேன்.

எதிரே அன்னதானப் பந்தலில் ஜெனரேட்டர் இரைந்துகொண்டிருந்தது. அதற்கும் மேலே ஸ்பீக்கரில் பக்திப் பாட்டு. அவர் அதையே பார்ப்பது தெரிந்தது.

"அங்க போனா டாக்டர் பேசறது ஒண்ணும் காதுல விழாதும்மா."

லேப்டாப்பை மாரோடு அணைத்துக்கொண்டு, கூட்டத்தை முட்டித் தள்ளி ரோட்டைத் தாண்டினார். சாம்பார் அண்டாவுக்குப் பின்னால், ஸ்பீக்கர்காரனின் ப்ளக் பெட்டியில் தன் ஒயரையும் சொருகித் தரையில் உட்கார்ந்தார். ஹெட்போனை மாட்டி, முந்தானையால் காதோடு சேர்த்துத் தலையை இறுக்கிக் கட்டிக்கொண்டு, டைப் அடிக்க ஆரம்பித்தார்.