கோட்டையில் கை நனைத்த கதை

துறைமுக வாயிலைக் காக்கக் கட்டிய அந்தப் பழைய கோட்டையைப் பார்க்கலாம் என்று யோசனை சொன்னவன் நானேதான். சரித்திரத்தின் மேல் எனக்கு அப்படியொன்றும் பாசம் கிடையாது. பீளமேட்டில் மோட்டார் பம்பு பட்டறை வைத்திருப்பவனுக்குக் கடலைவிடக் கிணறுதான் முக்கியம்.

விஷயம் என் மகள். துறைமுக அலுவலகத்தில் வேலைக்குப் போனவள், கூட வேலை செய்யும் பையனைப் பிடித்திருக்கிறது என்றாள். பையன் வீட்டார் எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். எங்கள் பக்கம், சம்பந்தம் பேசப் போன வீட்டில் கை நனைத்தால், அதாவது ஒரு வாய் சாப்பிட்டால், சம்மதம் என்று அர்த்தம். ஒரே பெண்ணைக் கடலோரத்தில் விட்டுவிட்டு வர எனக்கு மனமில்லை. அதனால், வீடு வேண்டாம், கோட்டையில் சந்திக்கலாம் என்றேன். அங்கே யார் இலை போடப் போகிறார்கள்?

கோட்டை வாசலிலேயே பையனின் அம்மா முறுக்கை நீட்டினார். "இப்பத்தானுங்க சாப்ட்டோம்" என்றேன். இளநீருக்கும் அதே பதில். மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை.

மதில்மேல் பீரங்கிகளைக் காட்டிய வழிகாட்டி, "எல்லாமே கடலைப் பாத்துதான் சார் நிக்குது. எதிரி நிலத்துப் பக்கமா வந்து பின்வாசல்ல நுழைஞ்சுட்டான்" என்றார். இவ்வளவு பெரிய கோட்டை கட்டியவனுக்குப் பின்கதவைப் பூட்டத் தெரியவில்லையே என்று சிரித்தேன். என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை.

மதியம் பசி கண்ணைக் கட்டியது. பையன் வீட்டார் தண்ணீர் வாங்கப் போயிருந்தார்கள். மனைவி எங்கள் வீட்டு டிபன் கேரியரைத் திறந்து புளிசாதம் வைத்தாள். பாதித் தட்டு காலியான பிறகுதான் எனக்குப் பேச்சு வந்தது.

"இத்தன வருசத்துல இன்னிக்குத்தான் உனக்குப் பக்குவம் வந்திருக்குது."

"நாஞ் செய்யலீங்க. பையனோட அம்மா காத்தால செஞ்சு குடுத்தாங்க. கேரியர்தான் நம்முளுது."

கோபம் வந்தது. கையை உதறிவிட்டு எழுந்திருக்கலாம் என்றுகூட நினைத்தேன். சற்றுத் தள்ளி மகள் உட்கார்ந்து என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து அவளும் ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அவள் இல்லாத வீட்டை ஒரு கணம் நினைத்துப் பார்த்தேன்.

மகளைப் பார்த்துக்கொண்டே தட்டை மனைவியிடம் நீட்டினேன்.

"இன்னங் கொஞ்சம் போடு. அம்மணிக்கும் ஒரு தட்டு வெய்யி."