துண்டுக்குள் போன கை

கஸ்தூரி அக்கா இறந்துவிட்டார். காலையில் பால் ஊற்றப் போன என் மனைவி செல்வி, கேனை அப்படியே திருப்பி எடுத்துக்கொண்டு அழுதபடி வந்தாள்...

மாகறல் பக்கம் எங்கள் ஊரில் பால் சென்டர் நடத்தியவர் அக்கா. பாலில் தண்ணீர் இருந்தால் மெஷினுக்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிடும்.

"இன்னா நைனா, மாட்ட குளிப்பாட்டினியா, பால குளிப்பாட்டினியா?" என்று ஒருமுறை என்னைக் கேட்டார். சுற்றிலும் பத்துப் பெண்கள். நான் கேனை வைத்துவிட்டு ஓடிவந்துவிட்டேன்.

சில வருஷம் முன்பு எனக்கு வார்டு மெம்பர் ஆசை வந்தது. போஸ்டர், பிரியாணி... செலவுக்குச் செல்வியின் ஜெர்சி மாட்டை விற்கத் தரகரைக் கூட்டிவந்தேன்.

மகளிர் குழுவில் லோன் எடுத்து அவள் வாங்கிய மாடு. அந்தப் பாலில்தான் மகள் நர்சிங் படித்தாள். அடுத்த வாரம் ஃபீஸ் கட்ட வேண்டியிருந்தது.

செல்வி கயிற்றைப் பிடித்தபடி நின்றாள். கயிற்றைக் கையில் இன்னொரு சுற்று சுற்றிக்கொண்டாள்.

எங்கள் பக்கம் மாட்டு விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். துண்டைப் போர்த்தி, உள்ளே விரலைப் பிடித்துப் பேசுவார்கள். தரகர் துண்டை விரித்தார். என் கை உள்ளே போய்விட்டது.

யார் சொன்னார்களோ, அக்கா வேகமாக வந்தார். என் கையை வெளியே உருவிவிட்டு, செல்வியின் கையை உள்ளே விட்டார்.

"யோவ், மாடு இவ பேர்ல கீது. இவ விரல புடிச்சி வெல பேசு."

ஊர் பார்க்க அடுத்தவன் மனைவி விரலைப் பிடிப்பாரா தரகர்? "இன்னாம்மா இது, ஒரே பேஜாரா கீது" என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"இது எங்க வூட்டு விஷயம். நீ யாரு கேக்க?" என்று கத்தினேன். இங்கே எழுத முடியாத ஒரு வார்த்தையும் சொன்னேன்.

அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. "நீ சொல்லு செல்வி. குடுக்கிறியா?"

மாடுகூட அசைபோடுவதை நிறுத்தியது மாதிரி இருந்தது.

"குடுக்கலக்கா."

தரகர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பைக்கை எடுத்தார்.

இரண்டு வருஷம் அக்காவிடம் நான் பேசவில்லை. அப்புறம் பேசினேன்... அந்த வார்த்தைக்கு மட்டும் மன்னிப்புக் கேட்கவில்லை.

மகள் டூட்டி யூனிஃபார்மோடே உத்திரமேரூரில் பஸ் ஏறிவிட்டாளாம். அக்கா, செல்வி உங்கள் வீட்டில், உங்கள் தலைமாட்டில் உட்கார்ந்திருக்கிறாள்.

நான் மாலையோடு உங்கள் தெருமுனையில் நிற்கிறேன். உள்ளே வர முகமில்லை...

கோபம் இல்லாமல் போங்க அக்கா.