அத்தன சாப்பிட்டதா?

குளித்துவிட்டு வந்து பார்த்தபோது அக்கா கட்டிலில் உட்கார்ந்து, இல்லாத ஊசியில் இல்லாத நூலைக் கோத்துக்கொண்டிருந்தாள். கண்டியில் தையல் கடையில் வேலை செய்பவள். நூல்நுனியை உதட்டில் நனைத்து, கண்ணைச் சுருக்கி, அவ்வளவு பொறுமை. பிறகு யாரும் உட்காராத பக்கத்துக் கதிரையைப் பார்த்துச் சிரித்தாள்.

"அம்மா, இன்னும் கொஞ்சம் சோறு போடவா?"

அம்மா செத்துப் பல வருடங்களாகின்றன. நான் அவள் தோளைத் தொட்டேன்.

"நீங்க யாரு? உக்காருங்க" என்றாள்.

என்னைப் போய் 'நீங்க' என்கிறாள். 'டி' போடாமல் அவள் என்னிடம் பேசியதே இல்லை.

கட்டுகஸ்தோட்டை வீட்டிலிருந்து அவளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டொக்டர் சிங்களவர். எனக்காகத் தமிழில் கேட்டார்: "அத்தன சாப்பிட்டதா?"

"இல்ல டொக்டர், அத்தன சாப்பிடல. ஒரே ஒரு ரொட்டிதான்."

அவர் தலையாட்டி, மனநோய் வார்டுக்கு அனுப்பலாம் என்றார். அக்கா ஜன்னலுக்கு வெளியே நின்ற பனிமூட்டத்தை இரண்டு விரலால் அளவாக வெட்டிக்கொண்டிருந்தாள். இனி இவள் என்னிடம் திரும்பி வரவே மாட்டாளோ என்று பயந்தேன்.

டொக்டருக்குத்தான் மனம் கேட்கவில்லை. அவள் கண்ணில் டோர்ச் அடித்தார்; கருமணி விரிந்தபடியே நின்றது. வாய் காய்ந்திருந்தது. போனில் ஒரு வெள்ளைப் பூவைக் காட்டினார். "இது. அத்தன."

எங்கள் வேலியில் நிற்கும் ஊமத்தை. சிங்களத்தில் அதற்குப் பெயர் அத்தன. தன் மூச்சிளைப்புக்கு நல்லதென்று யாரோ சொல்ல, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இலையை அவித்துக் குடித்திருக்கிறாள் மகராசி.

மருந்து ஏற்றும்போது டொக்டர் விளக்கினார். மூளையில் அசற்றைல்கோலின் என்ற இரசாயனம் வந்து உட்காரும் ஏற்பிகள் உண்டாம். அது உட்கார்ந்தால்தான் நினைவும் கவனமும் நடக்கும். ஊமத்தையின் நஞ்சு முந்திக்கொண்டு அங்கே குந்திவிடும். தானும் வேலை செய்யாது, உரியதையும் உட்கார விடாது. பஸ் சீட்டில் லேஞ்சுத் துணியைப் போட்டு இடம்பிடிப்பதைப் போலத்தான். நஞ்சு எழுந்து போகும்வரை மூளை தானே கனவு கண்டுகொண்டிருக்கும்.

மறுநாள் காலை அக்கா என்னை உற்றுப் பார்த்தாள்.

"என்னடி, தலையும் சீவாம வந்து நிக்கிற?"

அந்த 'டி'யைக் கேட்டதும் அழுதுவிட்டேன். அவள் கண்கள் என்னைத் தாண்டி வார்டு முழுவதும் தேடின.

"அம்மா இவ்வளவு நேரம் இங்கதான் இருந்தாங்க. சாப்பிட்டுக்கூட முடிக்கல. ஏன்டி என்னைய எழுப்புன?"