எந்தக் கொம்பு உயரம்

இந்த ஊரில் மழை பெய்தால் மன்னிப்புக் கேட்கிறார்கள். வட இங்கிலாந்துக்கு வேலைக்கு வந்த முதல் வாரம், அலுவலக வாசலில் தன் குடைக்குள் எனக்கு இடம் கொடுத்த பெண் "சாரி" என்றாள், அவளே பெய்ய வைத்ததுபோல. புதூர்ப் பக்கம் எங்கள் கரிசல் நிலத்தில் இரண்டு ஆண்டுகளாக முளைத்த பயிர் நின்றபடியே கருகியிருந்தது.

இந்தப் புரட்டாசியில் ஒரு மதியம் அய்யா, என் அப்பா, தொலைபேசியில் அழைத்தார். அங்கே அந்தி. மேகம் மூடிக் கிடந்தது. மழையும் இல்லை, மூன்றாம் பிறையும் தெரியவில்லை. பிறையின் வடக்குக் கொம்பு உயர்ந்திருந்தால் மழை உண்டு என்பது எங்கள் ஊர்க் கணக்கு. அதைப் பார்த்துத்தான் விதைப்பார். கையில் இருந்தது ஒரு விதைப்புக்கான உளுந்து மட்டும். பிறை சரியில்லை என்றால், நிலத்தை விலைக்குக் கேட்டு வந்தவருக்கே கொடுத்துவிடுவது என்றிருந்தார்.

"ஏட்டி, அங்கன தெரிஞ்சா போட்டோ புடிச்சு அனுப்பு. டெலஸ்கோப்பு வாங்கி வச்சிருக்கியே, சும்மாவா கெடக்கு?"

சும்மாதான் கிடந்தது. சாயங்காலம் கொல்லையில் நிறுத்தினேன். கண் வைத்துப் பார்க்கும் வில்லையோடு சாதாரண டிஜிட்டல் கேமராவை ஒட்டிப் பிடிக்க வேண்டும்: பிளாஷை அணைத்து, ஜூமைக் கொஞ்சம் கூட்டி, டைமர் வைத்து. பொத்தானை அழுத்தும் விரலே படத்தைக் கலைத்துவிடும். ஒரு வெள்ளைக் கறை, ஒரு முழுக் கறுப்பு, பிறகு இரட்டையாக ஒரு பிறை. வேலிக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டுக்காரர், "மழையே இல்லை, அதிர்ஷ்டம் உங்களுக்கு" என்றார். "அதுதான் கவலை" என்றேன். வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். கடைசியில் ஒன்று தெளிவாக விழுந்தது. டெலஸ்கோப் தலைகீழாகக் காட்டியதை நேராக்கி அனுப்பினேன்.

மறுநாள் கோவில்பட்டி பிரவுசிங் சென்டரிலிருந்து பேசினார். "நட்டக்குத்தலால்லா நிக்குது! எந்தக் கொம்பு ஒசரம்?"

இவ்வளவு வடக்கே வந்துவிட்டால் புரட்டாசிப் பிறை அப்படிச் செங்குத்தாகத்தான் நிற்கும். "நம்ம ஊர்ல பாத்தா வடக்குதான் அய்யா."

"அப்பம் வெதைச்சிரலாமா?"

அந்த மாதத்தில் எங்கள் ஊரில் ஆண்டுதோறும் ஏறத்தாழ அதே சாய்வுதான். "போன வருசமும் வடக்குதான் அய்யா. அதுக்கு முந்தியும்."

"ஆமா. பாத்துதான வெதைச்சேன். அப்பம் இது எதுக்குட்டி, இம்புட்டுப் பெரிய படம்?" என்றார். பிறகு, "நெலத்தக் கேட்டவியள வரச் சொல்லுதேன்."

அன்று கணினியில் பிறையை எங்கள் ஊர்ச் சாய்வுக்குத் திருப்பினேன். ஓரத்தில் மங்கலாக விழுந்திருந்த பக்கத்து வீட்டுப் புகைபோக்கி சாய்ந்தது. அதை நிமிர்த்தினால் பிறை எங்கள் ஊருடையதாக இல்லை. நிலம் கைமாறிவிட்டது. படத்தை இரண்டு விதமாகவும் வைத்திருக்கிறேன். ஒன்றில் வீடு சரிகிறது. மற்றதில் பிறை யாருடையதோபோல் நிற்கிறது.