ராசப்பண்ணன் கேட்ட வரி

ராசப்பண்ணன் நேற்றுக் காலை சேலத்தில் ஒரு மருத்துவமனையில் காலமானார். மாரடைப்பு என்று தகவல். மருத்துவமனை தந்த சீட்டை நான் இன்னும் பார்க்கவில்லை; ஆகவே தகவல் என்றே எழுதுகிறேன்.

அவர் மனைவி சரசக்காவின் சம்மதத்துடன் இதைப் பதிகிறேன். வழக்கு நிலுவையில் இருப்பதால் காவல் நிலையத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை.

அண்ணன் திருச்செங்கோட்டுக்காரர். போர்வெல் ரிக் லாரியில் ஆபரேட்டர். அவருடைய தம்பி விசாரணைக்கென்று ஒரு காவல் நிலையத்துக்கு நடந்து போனார்... உயிரோடு திரும்பவில்லை. யார் அடித்தது என்று யாராவது எழுத்தில் சொல்ல வேண்டும். அண்ணன் கேட்டது அவ்வளவுதான்.

நாமக்கல்லில் என் அலுவலகத்துக்கு முதல் நாளே சந்தேகத்தோடுதான் வந்தார். வக்காலத்தில் நிரப்பாமல் விட்டிருந்த இடங்களையெல்லாம் பேனாவால் அடித்துவிட்டுத்தான் கையெழுத்திட்டார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க வக்கீல் சார். நாங்க போர் போடறப்ப தோட்டத்துக்காரரு பக்கத்துலயே நின்னு பைப்ப எண்ணுவாருங்க. அடிக்கணக்குல பொய் சொல்லிருவோம்னு. நானும் எண்ணிக்கிட்டுத்தான் இருப்பேன்."

எண்ணினார். மாஜிஸ்திரேட் விசாரணை, மனித உரிமை ஆணையம், உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு, அது தள்ளுபடியானதும் மேல்முறையீடு... ஒவ்வொன்றுக்கும் ஒரு விரல் மடக்குவார்.

ஐ.நா.வுக்கு எழுதலாமே என்று முதலில் கேட்டவரும் அவர்தான்.

"இங்க இருக்கற வழியெல்லாம் முடிச்சாத்தானுங்கண்ணா வெளிய போக முடியும்" என்றேன்.

"அது எந்தப் புஸ்தகத்துலீங்க எழுதியிருக்குது? அந்த வரியக் காட்டுங்க."

காட்டுகிறேன் என்றேன். மேல்முறையீடு முடியட்டும் என்றேன்.

"தண்ணி இல்லீன்னு தெரிஞ்சும் இன்னொரு பைப் எறக்கற ஆபரேட்டரு இருக்கறானுங்க சார். அவனையும் எனக்குத் தெரியும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்தேன்.

நேற்று மதியம்தான் அந்த வரியைத் தேடி உட்கார்ந்தேன்.

ஐ.நா. குழுக்களிடம் தனிநபர் முறையீடு செய்ய அந்த நிபந்தனை உண்டு. ஆனால் அந்த முறையீட்டு வழியை இந்தியா ஏற்கவே இல்லை. எத்தனை கோர்ட் முடித்தாலும் நமக்கு அந்தக் கதவு திறக்காது.

சட்டவிரோதக் கொலைகளைக் கவனிக்கும் ஐ.நா. சிறப்பு அறிக்கையாளருக்கு எழுதவோ, அந்த நிபந்தனையே கிடையாது. அண்ணன் கேட்ட அன்றே எழுதியிருக்கலாம்.

எனக்குத் தெரியாமல் போனதா... அல்லது தினமும் அதே போலீஸாரைக் கோர்ட்டில் சந்திக்க வேண்டியவன் தெரிந்துகொள்ள விரும்பவில்லையா? என் தரப்பு விளக்கத்தை நானே இப்போது நம்பவில்லை. அதனால்தான் எழுத்தில் வைக்கிறேன்.

இன்று காலை அடக்கம் முடிந்து அண்ணன் வீட்டுக்குத் திரும்பியதும் சரசக்காவிடம் இதைச் சொன்னேன். திட்டவில்லை.

"எல்லாத்தயும் சந்தேகப்படறாருன்னு நானே அவருகூடச் சண்ட போட்டனுங்களே..."

பிறகு, "அந்த ஐ.நா. மனுவ எழுதிக் கொண்டாங்க. நான் கையெழுத்துப் போடறேன். ஆனா மொதல்ல முழுசாப் படிச்சுக் காட்டோணும்" என்றார். அடுத்த வீட்டு டீச்சரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வாராம்.

சரிங்கக்கா என்றேன்.

போய் வாருங்கள், ராசப்பண்ணா. நீங்கள் கேட்ட வரியைப் பார்த்துவிட்டேன். அது நம்மைத் தடுக்கவே இல்லை.