ஐஸ் அக்காவின் சூட்டு மீற்றர்

கண்ணாடியில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு கோடு போட்டிருந்தது. அதைத்தான் நான் முதலில் பார்த்தேன். உள்ளங்கைக்குள் அடங்கும் வட்ட மீற்றர், கறுப்பு முகம், வெள்ளை முள், அறுநூற்றைம்பது பாகைக்கு நேரே அந்தக் கோடு. கனடாவிலிருந்து வந்த பெட்டியை அரியாலையில் என் வயரிங் கடை மேசையில் வைத்து, ஐஸ் அக்கா ஆசையோடு திறந்து காட்டினார். "குட்டி போட்டுவிட்ட கோடு. இதைத் தாண்டி முள்ளுப் போனால் மிதியிலையிருந்து காலை எடுக்கட்டாம்," என்றார். குட்டி என்பது அவருடைய ஒரே தம்பி. பத்தொன்பது வயதில் நாட்டை விட்டுப் போனவர், அங்கே பாரவண்டி ஓட்டுகிறவர், தலை நரைத்தவர். அக்காவுக்கு அவர் குட்டிதான்.

ஐஸ் அக்கா என்பது தொழில் வைத்த பெயர். கணவர் கடலுக்குப் போவார். அக்கா டீசல் பிக்கப்பில் ஐஸ் ஏற்றிக் கொழும்புத்துறைக் கரைக்குக் கொண்டுபோவார், திரும்பும்போது மீன் ஏற்றுவார். வாரத்தில் மூன்று நாள் அந்த மீன் வவுனியாவுக்கும் போகும். பெண் ஒருத்தி பிக்கப் ஓட்டுகிறாள் என்று வாயைப் பிளந்து பார்த்த ஆண்கள், ஒடுங்கிய ஒழுங்கைக்குள் தங்கள் வாகனம் மாட்டுப்பட்டால் பின்னுக்கு எடுத்துத் தரச் சொல்லி அவரிடமே வந்து நின்றதை நான் பார்த்திருக்கிறேன். இப்போது அவர் ஓட்டுவதை விட்டு மன்னாரில் மகளோடு இருக்கிறார். அவர் இல்லாமல் என் கடை வாசல் சத்தமில்லாமல் கிடக்கிறது, அது எனக்குப் பிடிக்கவில்லை.

பாரத்தோடு ஒரே மிதியாக ஓடினால் டீசல் இஞ்சினின் புகை அளவு மீறிச் சுடும். வாகனத்தோடு வரும் சூட்டு முள் தண்ணீரின் சூட்டை மட்டும் காட்டும், புகையின் சூட்டைக் காட்டாது. தண்ணீர் சரியாக இருக்கும், உள்ளே பிஸ்டன் உருகிக்கொண்டிருக்கும். முன்பு ஒருமுறை அக்காவின் இஞ்சினில் அப்படி டேர்போ எரிந்த கதையைக் கேட்ட பிறகுதான் தம்பியார் இந்த மீற்றரை வாங்கி அனுப்பினார். கனடாப் பத்திரச் சிக்கலால் வருடக்கணக்காக ஊருக்கு வர முடியாதவர். அக்காவுக்குப் பக்கத்துச் சீற்றில் தான் இருக்க முடியாததற்கு ஈடாகத்தான் அதை அனுப்பினார் என்று எனக்குப் பட்டது.

பொருத்துவது பெரிய வேலை இல்லை. இஞ்சினிலிருந்து புகை வெளியேறும் இரும்புக் குழாயில் துளையிட்டு, விரல் நீளக் கம்பி ஒன்றை இறுக்க வேண்டும். அதிலிருந்து ஒரு வயர் மீற்றர் வரைக்கும் வரும். அது சாதாரண வயர் அல்ல. இரண்டு வேறு உலோகங்கள், சூட்டை அளப்பதே அவைதான். வெட்டக் கூடாது, வேறு வயரால் சேர்க்கக் கூடாது என்று பெட்டிக்குள் ஒரு தாளில் அச்சடித்திருந்தது. நான் அதை வாசிக்கவில்லை. இருபது வருடம் வயரிங் செய்தவனுக்குத் தாள் எதற்கு என்ற திமிர். வயர் மிச்சமாகச் சுருண்டு கிடந்தது என் கண்ணுக்கு உறுத்தியது, வெட்டினேன். கொஞ்சம் கூடவே வெட்டிப்போட்டேன். எட்டாமல் போனதும், இஞ்சினுக்குப் பக்கத்திலேயே சாதாரணச் செம்பு வயரைச் சேர்த்து, கறுப்பு ரேப் சுற்றி, ஒருவருக்கும் தெரியாதபடி அழகாக மறைத்துக் கட்டினேன். அந்த அழகை அக்காவுக்குப் பொனற்றைத் திறந்து காட்டிப் பெருமையும் பட்டுக்கொண்டேன்.

அக்கா அந்த முள்ளோடு கதைத்துக்கொண்டே ஓட்டினார். நான் ஒருநாள் கூடப் போனேன். நாவற்குழிப் பாலம் தாண்டி வேகம் பிடித்தபோது, "பாத்தியே குட்டி, உன்ரை கோட்டுக்குக் கிட்டவும் நான் போகேல்லை," என்றார் மீற்றரைப் பார்த்து. ஞாயிறு பூசை முடிந்ததும் தம்பியார் தொலைபேசியில் வருவார். அவரிடமும் அதையே சொல்வார்.

சில மாதங்களில் அக்கா முறைப்பாட்டோடு வந்தார். பாரம் ஏற்றினால் கரிமணம் மணக்கிறது, இழுவை இல்லை, ஆனால் முள் கோட்டுக்குக் கீழேதான் நிற்கிறது. "முள்ளிலை ஏதும் பிழை இருக்குமோ தம்பி?" என்று கேட்டார். காலை நேரம், இஞ்சின் குளிர்ந்து பச்சைத்தண்ணியாக இருந்தது. நான் கம்பியைக் கழற்றி, வீட்டிலிருந்து கேத்திலைக் கொண்டுவந்து, கொதிக்கிற தண்ணீருக்குள் விட்டேன். முள் சரியாக நூறில் போய் நின்றது. "மீற்றர் சுத்தம் அக்கா, மணம் வேறை எதாலையோ வருது, யோசிக்காமல் ஓடுங்கோ," என்றேன். என்னை நம்பிப் போனார்.

மூன்றாம் நாள் மத்தியானம் பரந்தனைத் தாண்டி பிக்கப் நின்றுவிட்டது. பிஸ்டன் உருகியிருந்தது. ஐஸ் கரையக் கரைய அக்கா நடுவெயிலில் நின்று, மீன் பழுதாக முதல் அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் அள்ளிக் கொடுத்துவிட்டு வெறும் பெட்டிகளோடு வந்தார். அதைவிடப் பெரிய அடி தம்பியாரிடமிருந்து விழுந்தது. முள் கோட்டைத் தாண்டவே இல்லை என்று அக்கா சொன்னதை அவர் நம்பவில்லை. தேடித்தேடி வாங்கிய மீற்றர், கோடும் போட்டு அனுப்பியது, பார்க்காமல் மிதித்துவிட்டு இப்போது பொய் சொல்கிறாய் என்று கத்தியிருக்கிறார். அதற்குப் பிறகு மூன்று ஞாயிறு தொலைபேசி அடிக்கவில்லை. பூசை முடிந்து வந்து தொலைபேசியை மடியில் வைத்தபடி அக்கா இருந்ததை அவர் கணவர் சொல்லித்தான் அறிந்தேன்.

இஞ்சின் திருத்தி வந்ததும் மீற்றரை மறுபடி சோதித்தேன். இம்முறை கம்பியைக் கழற்றாமல், இஞ்சினை ஓடவிட்டு முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தேநீர் ஊற்றக் கொண்டுவந்த கேத்தில் கை தவறிச் சரிந்து, கொதிநீர் நான் ரேப் சுற்றிய இடத்தில் கொட்டியது. முள் இறங்கியது. இன்னும் கொஞ்சம் ஊற்றினேன், இன்னும் இறங்கியது. என் செம்பு வயர் சேர்ந்த இடம் சுடச்சுட மீற்றர் குறைத்துக் காட்டுகிறது. காலையில் எல்லாம் குளிர்ந்திருந்ததால்தான் கேத்தில் சோதனையில் தப்பினேன். இஞ்சின் கொதிக்கும் நேரத்தில், முள் உண்மையைச் சொல்லவேண்டிய அதே நேரத்தில், என் வேலை அதன் வாயைப் பொத்தியிருக்கிறது. உள்ளே போய் அந்தத் தாளைத் தேடி எடுத்து அன்றைக்குத்தான் வாசித்தேன்.

அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "குட்டிக்கு நானே சொல்லுறன், எடுத்துத் தாங்கோ," என்றேன். எடுத்துத் தந்தார். "தம்பி, அக்காவிலை பிழை இல்லை, வயரை நான் தான்..." என்று தொடங்கினேன். அக்கா தொலைபேசியைப் பறித்துவிட்டார். "அவர் என்னைக் காப்பாத்துறதுக்காகச் சொல்லுறார் குட்டி. நான்தான் முள்ளைப் பாக்கேல்லை. பிழை என்ரைதான்," என்றார். மறுமுனையில் தம்பியார் திட்டுவதும், பிறகு இளகுவதும், பிறகு மீன் விலை கேட்பதும் எனக்குக் கேட்டது. நான் வாயைத் திறக்கவில்லை. வெட்கமாக இருந்தது, அதைவிட நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் என்மேல் எனக்கே கோபம் வரும். அன்று பின்னேரமே புது விசேஷ வயர் எடுப்பித்து, வெட்டாமல் சுருட்டிக் கட்டினேன்.

இரண்டு வருடம் கழித்துப் பத்திரங்கள் சரிவந்து, கோயில் பெருநாளுக்குத் தம்பியார் ஊருக்கு வந்தார். அக்காவே பிக்கப்பில் கூட்டிவந்து கடை வாசலில் நிறுத்தினார். அவர் இறங்கி வந்து என் கையைப் பிடித்தார். "அண்ணை, நீங்கள் இல்லாட்டி அக்கா உந்த வாகனத்தை எப்பவோ முடிச்சிருப்பா. கோடு கீறி அனுப்பியும் பாக்காத ஆள்!" என்றார் பலமாக. கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஸ்ரியறிங்கைப் பிடித்தபடி வெளியே இருந்த அக்காவும் சேர்ந்து சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பைத் தாங்க முடியவில்லை.

"தம்பி, அக்கா உங்கடை கோட்டை ஒருநாளும் மதிக்காமல் விட்டதில்லை," என்றேன். "வயரை வெட்டி முள்ளைக் குறைச்சுக் காட்ட வைச்சது நான். அண்டைக்குப் போனிலை பேசாமல் நிண்டதும் நான்தான்."

அவர் என் கையை விட்டார். வெளியே போய், வாகன யன்னலில் இருந்த அக்காவின் கையில் நெற்றியை வைத்தார். "உன்னை எவ்வளவு திட்டிப் பேசினனான், ஏன் அக்கா சொல்லேல்லை?" என்று கேட்டது உள்ளே எனக்குக் கேட்டது. அக்கா அவர் தலையில் தட்டி, "சரி, ஆக்கள் பாக்கினம், ஏறு," என்றார். அவருடைய தலைக்கு மேலால் என்னைப் பார்த்த பார்வையில் நல்ல கோபம் இருந்தது.

தம்பியார் திரும்பிப் போய் இரண்டு கிழமைக்குப் பிறகுதான் அக்கா கடைப்பக்கம் வந்தார். பின் லைற் எரியவில்லை என்றார். நான் குந்தியிருந்து பல்ப்பைக் கழற்றும்போது பக்கத்தில் வந்து நின்றார்.

"ஏன் தம்பி சொன்னனீ?"

"உண்மை அதுதானே அக்கா."

"அவன் என்னைப் பேசினால் நான் பின்னேரமே மறந்திடுவன், என்ரை தம்பி. உன்னைப் பேசினால் நீ பிறகு வெக்கத்திலை என்ரை வாகனத்தைத் தொடமாட்டாய். எனக்கு உன்னைத் தெரியும். அதுக்குத்தான் அப்பிடிச் சொன்னனான்."

இரண்டு வருடமாகத் தம்பியார் தொலைபேசியில் அடித்த அந்தப் பகிடிகளை எல்லாம் சிரித்துச் சிரித்து வாங்கியது என் ஒருவனுக்காக என்று அப்போதுதான் விளங்கியது. புது பல்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு, நாற்பத்தெட்டு வயதில், நடு வீதியில் குந்தியிருந்து அழுதேன்.

"அழாமல் கெதியாப் பூட்டு," என்றார் அக்கா. "ஐஸ் கரையுது."