யானையின் மேல் பாதி

ஆஸ்டின் டவுனில் எங்கள் வீட்டிலிருந்து பஸ் நிறுத்தத்துக்கு நடந்துகொண்டிருந்தேன். பின்னால் வந்த பால்காரர், "அண்ணா, உங்க செருப்பு அங்கேயே கிடக்குது பாருங்க" என்றார். குனிந்து பார்த்தேன். இடது காலில் செருப்பு இல்லை. அது கழன்றதும் தெரியவில்லை, வெறுங்காலில் நடந்ததும் தெரியவில்லை. எடுக்கத் திரும்பியவன் அங்கேயே சரிந்தேன்.

பக்கவாதம் என்றார் டாக்டர் (மூளையின் ஒரு பகுதிக்கு ரத்தம் போவது அடைபட்டு, உடம்பின் ஒரு பக்கம் செயலிழப்பது). "பேச்சு தப்பிச்சிடுச்சு. கால் நடக்க வரும். கை லேட் ஆகும்."

நான் அதிகம் பேசாதவன். பேச்சு போயிருந்தாலும் வீட்டில் யாருக்கும் வித்தியாசம் தெரிந்திருக்காது என்று என் மனைவி மேரி பிறகு கேலி செய்தாள்.

எனக்குக் கைதான் கவலை. அடுகோடியில் உள்ள பட்டறை ஒன்றில் மோட்டாருக்குக் காயில் சுற்றுவது என் வேலை. ஐந்தாவது வரை படித்த எனக்குத் தெரிந்த ஒரே தொழில். வலது கை சுற்றும். இடது கை செப்புக் கம்பியை இழுத்துப் பிடித்து, வேண்டிய அளவுக்கு விட்டுக்கொடுக்கும். அந்தக் கை திரும்பாவிட்டால் பட்டறையில் எனக்கு இடமில்லை. இதே கவலையோடு வீட்டில் உட்கார்ந்திருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பிசியோதெரபி (பயிற்சிகளால் தசைகளைப் பழக்கும் சிகிச்சை) தந்தவர் சுமா மேடம். கன்னடக்காரர், என்னைவிட மிகவும் இளையவர். "அண்ணா, பந்தை அமுக்கினது போதும். கைக்கு ஏதாச்சும் கெல்சா, அதான் வேலை, குடுங்க" என்றார்.

"வீட்ல குரோஷா வேலை பாக்கி கிடக்கு மேடம்" என்றாள் மேரி.

சர்ச் பெண்கள் சங்கத்தில் ஆளுக்கொரு கம்பளி பின்னி, பெற்றோர் இல்லாத குழந்தைகளின் இல்லத்துக்குத் தருவதாக ஏற்பாடு. அந்த இல்லத்தின் சாப்பாட்டு அறைச் சுவரில் பச்சைத் தொப்பி போட்ட யானை ஒன்று வரையப்பட்டிருந்தது. பிள்ளைகள் அதை 'டோப்பி ஆனெ' என்று கூப்பிட்டு, அதற்கும் ஒரு வாய் சோறு நீட்டுவார்களாம். எல்லாக் கம்பளியிலும் அந்த யானைதான். நான் விழுந்தபின் மேரி கார்மென்ட் ஃபேக்டரிக்குப் போகத் தொடங்கியதால் அவளுடையது ஆரம்பிக்காமலே கிடந்தது.

நுனியில் கொக்கியுள்ள ஒரே ஊசியால் உல்லன் நூலைக் கண்ணி கண்ணியாக இழுத்துப் பின்னுவது குரோஷா. மேரி எனக்குக் கற்றுக்கொடுத்தாள். காலையில் நூலை என் இடது விரல்களில் சுற்றிவிட்டுப் போவாள். வலது கை பின்னும்; இடது கை மடியில் துவண்டு கிடக்க, நூல் அதன் வழியே ஓடும். கதவு தட்டப்பட்டால் எல்லாவற்றையும் தலையணைக்கு அடியில் தள்ளிவிடுவேன். ஆண்பிள்ளை குரோஷா போடுகிறான் என்று தெருவெல்லாம் பேசுமே.

கீழிருந்து மேலாகப் பின்னிக்கொண்டு போனேன். யானையின் கால்கள் முடிந்து வயிறு வந்தபோது, இடது விரல்கள் நூலைப் பற்றத் தொடங்கின. சந்தோஷம் தாங்கவில்லை. பலம் வருகிறது என்று நினைத்தேன். மோட்டாருக்குள் கம்பி தளர்ந்தால் காயில் எரிந்துபோகும். அதே புத்தியில் நூலை இன்னும் இழுத்துப் பின்னினேன்.

ஒரு ஞாயிறு, சங்கத்து ரோஸ்லின் அக்கா கம்பளியைப் பார்க்க வந்தார். நான் உள்ளறையில் இருந்தேன்.

"ஏன்டி மேரி, காலெல்லாம் ஜோரா இருக்கு. மேல போகப் போக ஆனை எலியாயிடுச்சே! இதுக்குத் தொப்பின்னா சோடா மூடிதான் வைக்கணும்."

"வேலைக்குப் போயிட்டு வந்து தூக்கத்துல போட்டதுதான்க்கா."

எனக்காக அவள் கேலியை வாங்கிக்கொண்டது பொறுக்கவில்லை. கைத்தடியை ஊன்றி வெளியே வந்தேன். "நான் போட்டதுங்க அது."

ரோஸ்லின் அக்கா பரிதாபப்படாமல் இன்னும் பலமாகச் சிரித்தார். அதற்கு இன்றும் அவருக்கு நன்றி சொல்கிறேன். "நீங்களா தம்பி? காலு எங்களை விட நல்லா போட்டிருக்கீங்களே!" பிறகு மேல் பாதியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். "பலகையாட்டம் இருக்கு. புள்ளைங்களுக்குக் குத்தும். இதை அவுத்துத்தான் ஆகணும்."

சுமா மேடத்திடம் கம்பளியைக் காட்டினேன். விரல்களை விரிக்கச் சொன்னார். விரியவில்லை.

"இது பலம் இல்லண்ணா. ஸ்பாஸ்டிசிட்டி (மூளையின் கட்டுப்பாடு குறைவதால் தசை தானாக இறுகிக்கொள்வது). மூடுறது முதல்ல வரும். திறக்கிறதுதான் கஷ்டம்."

கம்பியை விட்டுக்கொடுக்கத் தெரியாத கையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?

"திறக்குமா மேடம்?"

"பிராமிஸ் பண்ண மாட்டேன். எப்படியும் அவுக்கப் போறீங்கல்ல? அந்த நூலை இந்தக் கை வழியா விடுங்க. மெதுவா."

மாலையில் மேரி எதிரில் உட்கார்ந்து நூலை உருண்டையாகச் சுற்றுவாள். கம்பளியிலிருந்து அவிழும் நூல் என் இடது விரல்களுக்குள் புகுந்து அவளிடம் போகும். விரல்கள் இறுகும், நூல் நின்றுவிடும். அவள் இழுக்க மாட்டாள். "ஏங்க, இன்னைக்கு லைன்ல என்ன ஆச்சு தெரியுமா?" என்று ஃபேக்டரிக் கதையைத் தொடங்குவாள். சூப்பர்வைசர் சட்டையையே திருப்பிப் போட்டு வந்த கதையில் நான் சிரித்துக்கொண்டிருந்தபோது நூல் ஓடியது.

அதட்டியபோதெல்லாம் இறுகிய கை, நான் அதை மறந்திருந்தபோது நெகிழ்ந்தது. எல்லாருக்கும் இப்படி நடக்கும் என்று சொல்ல மாட்டேன். கை இறுகினால் அதைப் பலம் என்று நம்பி என்னைப் போல் நாட்களை விட்டுவிடாதீர்கள், உடனே பிசியோதெரபி தருபவரிடம் காட்டுங்கள். அவ்வளவுதான் சொல்வேன்.

மேல் பாதியை மறுபடி பின்னினேன், வாசல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு. யானைக்குச் சரியான தலை வந்தது. தொப்பி சற்றுக் கோணல். பட்டறை முதலாளி ஃபேன் காயில்களை மட்டும் எனக்கு ஒதுக்கினார். வேகம் பாதிதான், ஆனால் கம்பி போகிறது.

கம்பளிகளைக் கொடுக்க இல்லத்துக்குப் போனோம். ஒரு சிறுமி ஓடிவந்து என் கையிலிருந்ததன் ஓரத்தைப் பிடித்து இழுத்தாள். திடுக்கிட்டதில் என் இடது கை மூடிக்கொண்டது.

"விடுங்க அங்கிள், டோப்பி ஆனெ எனக்கு!"

"உனக்குத்தாம்மா. கைக்குச் சொல்லியிருக்கேன், கொஞ்சம் இரு."

அவள் இழுப்பதை நிறுத்தினாள். என் விரல்களுக்கு மிக அருகில் முகத்தைக் கொண்டுவந்தாள். "எந்த விரல் ஃபர்ஸ்ட்டு?"

"எனக்கும் தெரியாது."

முன்பென்றால் அந்தக் கையைச் சட்டைக்குள் மறைத்திருப்பேன். இப்போது அவளோடு நின்று, என் கையையே நானும் வேடிக்கை பார்த்தேன். பின்னால் மற்றப் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். யாரும் முண்டவில்லை.

"சுண்டுவிரல்!" என்று கத்தினாள் அவள்.